மாறனைக் கழட்டிவிட முடியாது

திருநின்றவூர்
2.11.2025, ஞாயிறு

எபி,

உன் ‘உப்பங்கழி’ கம்ப்யூட்டர் விளையாட்டை மூணு நாளா ஆடிப் பார்த்துட்டேன். வாட்ஸ்அப்ல எழுதினா வரிக்கு வரி சண்டைக்கு வர்றே, அதனால எப்பவும் போல காகிதத்துலயே எழுதறேன். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் குதி.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். கழிமுகம் ரொம்ப அழகு. மழைக்கு முன்னாடி தண்ணி கறுக்கற இடத்துல நான் விளையாட்டை மறந்து சும்மா நின்னேன். எந்தப் பக்கம் வேணும்னாலும் நடக்கலாம், எந்தக் கதவை வேணும்னாலும் தட்டலாம்னு ஒரு முழு நாட்டையே தனி ஆளா செஞ்சிருக்கே. ஆபீஸ்ல நான் டெஸ்டிங் பண்றது பேங்க் ஆப். அதுல தட்டினா ஓடிபிதான் வரும்.

இப்போ திட்டு. ரெண்டு மீனும் ஒரு ஈட்டியும் எடுத்தா சுமை தாங்கலைன்னு ஆள் ஆமையா நகர்றான். மூணு அடி அடிச்சா கத்தி உடையுது, அது கத்தியா அப்பளமா? வரைபடம் முழுக்கக் கொசு மொய்ச்ச மாதிரி குறி, எதுக்குப் போறதுன்னே தெரியலை. கரையோரம் ஒரு அம்மா பத்து நண்டு பிடிச்சுட்டு வான்னு அனுப்பறா. பிடிச்சுட்டுப் போனா இன்னும் பத்து கேக்கறா. கடைக்குப் போய்ட்டு வர்ற வேலை எனக்கு வீட்டுலயே இருக்கு, இதுக்கு உன் நாட்டுக்கு வரணுமா?

ஆனா எல்லாத்தையும் விடப் பேஜாரு அந்த மாறன்தான். துணைக்கு வர்ற ஆள்னு சொல்லி அவனை என் தலையில கட்டறே, கழட்டிவிட வழியே வைக்கலை. நான் ஓடினா பின்தங்கிடறான். நடந்தா முந்திடறான். அவனுக்காக நின்னு நின்னு போறதுலயே பாதி நேரம் போகுது. அப்புறம் கோட்டை வாசல். கதைப்படி என் தலைக்கவசத்தை மாறனுக்குக் குடுக்கறேன். காவல்காரன் வந்து திருடன்னு அவனைப் பிடிக்கறான். எனக்கு மூணு பதில் காட்டுது. ‘எனக்குத் தெரியாது’, ‘நான் வேற வேலையாப் போயிருந்தேன்’, ‘நீங்களே பார்த்துக்கோங்க’. எதை அமுக்கினாலும் அவனை இழுத்துட்டுத்தான் போறாங்க. ‘நான்தான் குடுத்தேன்’னு ஒரு பதிலே இல்லை. ஆடறவங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிட்டு எல்லா வழியையும் ஒரே சந்துல கொண்டு போய் முடிக்கறது ஏமாத்து வேலை. அதைச் சரி பண்ணு.

தம்பி லோகு இப்போ தடி வெச்சுக்கிட்டு நடக்கறான். ஆகஸ்ட்ல உங்க கம்பெனியில கம்பிக் கட்டு விழுந்து அவன் பாதம் நசுங்கினதிலிருந்து இங்கே என்கிட்டதான் இருக்கான். ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷின்ல நின்னவன் நீ, ரெண்டரை மாசமா எட்டிப் பார்க்கலை. நான் கேட்டா, எபிக்கு வேலை இருக்கும்க்கான்னு உனக்காக அவனே சாக்கு சொல்றான். எனக்கு அது பிடிக்கலை.

இளமதி

புதுவாயல்
5.11.2025

அக்காவுக்கு எபினேசர் எழுதுறது.

கடுதாசி கெடச்சுது. குதிக்காம ரெண்டு வாட்டி படிச்சேன்.

கத்தி மேட்டர் நீ சொன்னது கரெக்ட். தூக்கிட்டேன். நண்டு அம்மாவுக்கு இனிமே பத்து நண்டு போதும். வரைபடத்துல பாதிக் குறியை அழிச்சுட்டேன், பார்க்கச் சொல்ல கண்ணுக்கு நல்லாக்கீது. சுமையை மட்டும் உடமாட்டேன்க்கா. நான் ஒரு ஷிப்டுக்கு எவ்ளோ தூக்குறேன்னு உனக்கே தெரியும், தூக்குனா இடுப்பு போவுது. என் ஆளு மட்டும் நூறு ஈட்டிய தோள்ல போட்டுக்கினு மான் மாதிரி ஓடுவானா? ஆடுறவன் கொஞ்சம் கஷ்டப்படட்டும்.

மாறனை உட்ரு, அக்கா. அவன் நடை அப்டித்தான். அவனைக் கழட்டிவிட வழி வைக்க எனக்கு மனசு வரல. கோட்டை வாசல்ல நாலாவதா ஒரு பதில் எழுத நானும் ஒக்காந்தேன். வரல. டைப் பண்ணிட்டு அழிச்சேன், டைப் பண்ணிட்டு அழிச்சேன். இப்போதைக்கு மூணுதான்.

இங்க மழை புடிச்சுக்கிச்சு. புதுவாயல் கூட்ரோடு முழுக்க முழங்கால் தண்ணி, ஷேர் ஆட்டோக்காரன் வரமாட்றான், கம்பெனிக்கு நடந்தே போய்க்கினு கீறேன். முழு விளையாட்டையும் முப்பதாம் தேதிக்குள்ள, மாதிரி அனுப்பினேனே, அந்தப் போட்டிக்கு அனுப்பணும். அதுவும் இல்லாம இந்த மாசம் பர்மனன்ட் லிஸ்ட் போடுறாங்க. ஆறு வருஷமா காண்ட்ராக்ட்ல கீறேன், இந்த வாட்டி என் பேரு உண்டுன்னு சூப்பர்வைசர் சுப்பராயன் சார் சொல்லிக்கீறாரு. அதான் லீவு கேக்க முடியல. லோகுவ பாக்க வரேன்க்கா. கேட்டேன்னு சொல்லு.

எபி

திருநின்றவூர்
9.11.2025, ஞாயிறு

எபினேசர்,

வியாழக்கிழமை லோகு பேருக்கு உங்க கம்பெனி நோட்டீஸ் வந்தது. வேற ஒருத்தரோட ஹெல்மெட்டை அனுமதி இல்லாம எடுத்துப் போட்டு, தனக்குச் சம்பந்தம் இல்லாத மெஷின்ல நின்னு, தானே விபத்தை வரவழைச்சுக்கிட்டானாம். இருபத்தொண்ணாம் தேதி விசாரணை. ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாதுன்னு வந்து சொல்லணுமாம். உட்கார்ந்து பார்க்கற வேலை எடைமேடையில தருவாங்கன்னு அவன் எவ்வளவு நம்பிக்கிட்டு இருந்தான்னு உனக்குத் தெரியுமா?

நோட்டீஸோட சாட்சி வாக்குமூலம்னு ஒரு நகல் வெச்சிருந்தாங்க. ‘என்னுடைய 41-ஆம் எண் ஹெல்மெட்டை மேடையில் வைத்திருந்தேன். காணவில்லை. அதைத் தேடி ஸ்டோருக்குப் போயிருந்தேன். லோகநாதன் எடுத்தது எனக்குத் தெரியாது.’ கீழே உன் கையெழுத்து. உன் ‘எ’வை எனக்குத் தெரியாதா, எத்தனை வருஷமா உன் காகிதத்தைப் படிக்கறேன்.

லோகுவைக் கேட்டேன். என் ஹெல்மெட் பட்டை அறுந்துடுச்சு, கைக்குக் கிடைச்சதை எடுத்தேன்னு முதல் நாள் சொன்னதையே சொல்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கலை. அதனால நான் வேற ஒண்ணு தேடினேன். விபத்து ஆகஸ்ட் பதினாலு, மத்தியானம் மூணேகால். அன்னைக்குத்தான் உன் விளையாட்டோட மாதிரியைப் போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள். அதை அனுப்பின மெயில்ல எனக்கும் நகல் போட்டிருந்தே. மணி மூணு இருபது. கும்மிடிப்பூண்டி பஜார் நெட் சென்டர்லேர்ந்து அனுப்பறேன்னு நீயே எழுதியிருந்தே. ஸ்டோர்ல ஹெல்மெட் தேடிக்கிட்டு இருந்தவன் பஜார்ல எப்படி இருந்தே?

நேத்து உன் விளையாட்டைத் திரும்பத் திறந்தேன். மாறனை முன்னாடி விட்டு அவன் காலையே பார்த்தேன். வலது காலை வெளிப்பக்கமா வீசி, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் ஊனறான். அதே நேரம் என் தம்பி ஹாலைக் கடந்து தண்ணி குடிக்கப் போனான். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. அவனைப் பார்க்கவே வராத உனக்கு அவன் நடை எப்படித் தெரியும்? அவன் காலையும் எடுத்துக்கிட்டே, நடையையும் எடுத்துக்கிட்டே, இப்போ திருடன்னு பேரு அவனுக்கு.

போன்ல கூப்பிடாதே, நம்பரை பிளாக் பண்ணிட்டேன். எழுதறதுன்னா உண்மையை எழுது.

இளமதி

புதுவாயல்
12.11.2025

அக்கா,

உண்மைய எழுதுறேன்.

எங்க கம்பெனில ‘தலை மாத்துறது’ன்னு ஒண்ணு கீது. சூப்பர்வைசர் மேல நடைபாலத்துல நின்னுக்கினு பாப்பாரு. அங்கேர்ந்து மூஞ்சி தெரியாது, ஹெல்மெட் நம்பர்தான் தெரியும். எவனுக்காவது அவசரம்னா அவன் ஹெல்மெட்ட பக்கத்து மெஷின்காரன் போட்டுக்கினு கொஞ்ச நேரம் இங்க, கொஞ்ச நேரம் தன் நம்பர்ல அங்கன்னு ரெண்டு மெஷினையும் பாத்துப்பான். போறவன் பழைய இரும்பு லாரியோட பின்கேட்ல போய்ட்டு வந்துருவான். எல்லாரும் செய்றதுதான். லோகு அவன் மச்சான் கல்யாணத்துக்குப் போனப்ப நான் அவன் தலைய போட்டுக்கினு நின்னேன்.

அன்னிக்கு நான்தான் கேட்டேன். ஒரு மணி நேரம்டா, அனுப்பிட்டு ஓடியாந்துடறேன்னு சொன்னேன். போடா, போய் ஜெயிச்சுட்டு வான்னான். ஹெல்மெட்ட நான்தான் அவன் தலைல வெச்சு பட்டைய இழுத்து மாட்டினேன். என் மெஷின்ல கட்டு தூக்குற கொக்கி கொஞ்சம் நழுவும். பழகினவனுக்குத் தெரியும், எந்தப் பக்கம் நிக்கணும்னு. அத்த அவனாண்ட சொல்ல மறந்துட்டேன்க்கா. அவசரம்.

ஹெல்மெட் நம்பரைப் பாத்து ஆஸ்பத்திரிக்காரங்க என் பேரை எழுதிக்கினாங்க. எங்கம்மா ஆரோக்கியமேரிக்கு போன் போட்டு உம் புள்ள பாதம் போச்சுன்னு சொல்லிட்டாங்க. செருப்பு கூட போடாம ஓடிச்சு. கட்டில்ல லோகுவப் பாத்ததும், ஆண்டவரே இது என் புள்ள இல்லன்னு சத்தமா சொல்லி அழுதிச்சாம். லோகு கண்ணத் தொறந்துக்கினு கேட்டுக்கினு இருந்தானாம். விசயம் தெரிஞ்சப்ப எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு. நசுங்குனது நான் இல்லன்னு ஒரு நிம்மதி. அந்த நெனப்பு வந்ததுக்கு அப்பறம் அவன் மூஞ்சிய எப்டிப் பாக்குறது?

ரெண்டு வாட்டி திருநின்றவூர் வந்தேன். ரயிலவிட்டு எறங்கி உங்க ஊட்டுத் தெருவுக்கு வந்தேன். ரெண்டாவது வாட்டி அவன் மருந்துக்கடைக்குப் போய்க்கினு இருந்தான். ஒரு லாரிக்குப் பின்னாடி நின்னுக்கினு அவன் திரும்பி வர்ற வரைக்கும் பாத்தேன். பாத்துட்டு ரயிலேறிட்டேன். ஊட்டுக்கு வந்து மாறனுக்கு அந்த நடைய வெச்சேன். ஏன் வெச்சேன்னு கேட்டா தெரியல. ஆடுற ஒவ்வொருத்தனும் அவனுக்காக நிக்கணும்னு தோணுச்சு.

வாக்குமூலத்த அவங்களே எழுதிக் குடுத்தாங்க. தலை மாத்துறது வெளிய தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் போகும், ஒருத்தனாவது மிஞ்சட்டும்னாங்க. லிஸ்ட்ட மேஜை மேல வெச்சுக்கினே சொன்னாங்க. போட்டுட்டேன். இப்ப மாத்திச் சொன்னா ஆறு வருஷமும் தண்ணில போச்சு, வேற எந்தக் கம்பெனிலயும் உள்ள உடமாட்டான். எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான். இன்னா செய்யச் சொல்றே?

எபி

திருநின்றவூர்
16.11.2025, ஞாயிறு

எபி,

என்ன செய்யச் சொல்றேன்னு என்னைக் கேக்கறியா? உனக்கே தெரியும். தெரிஞ்சதனாலதான் அந்த நாலாவது பதிலை டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சே.

உன் கடிதத்தை லோகுகிட்டக் காட்டினேன். படிச்சுட்டு மடிச்சுக் குடுத்தான். அந்த மெயிலை விசாரணையில காட்டப் போறேன்னு சொன்னேன். அவ்வளவுதான், என் கையை இழுத்துத் தன் தலைமேல வெச்சு, எபிக்கு எதிரா ஒரு காகிதமும் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னான். பண்ண மாட்டேன்னேன். அப்போ விசாரணைக்கே போகமாட்டேன்னான். வேற வழி இல்லாமப் பண்ணித் தொலைச்சேன். என் கையைக் கட்டிப் போட்டுட்டான். இனிமே வாயைத் திறக்கக் கூடியவன் நீ ஒருத்தன்தான்.

நீ மாறனைப் பத்தி எழுதினதைப் படிச்சு எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்லலை. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. யாரோ முகம் தெரியாத ஆளுங்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து அவனுக்காக நிக்கணும்னு நினைக்கறே. நீ எப்போ நிக்கப் போறே? அவங்களுக்கு அலுத்துப் போனா மூடிட்டு வேற விளையாட்டுக்குப் போயிடுவாங்க. இவன் எங்கே போவான்?

ஒருத்தனாவது மிஞ்சட்டும்னு கம்பெனிக்காரன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கே. அந்த ஒருத்தன் ஏன் எப்பவும் நீயாவே இருக்கணும்? வேலை போனாக்கூட அவன் தாங்குவான். திருடன்னு எழுதின காகிதத்தோட எந்த கேட்ல போய் நிப்பான்? உன்னை உள்ளே விடமாட்டாங்கன்னு பயப்படறியே, அதே பயம்தான் இங்கேயும். உன் அம்மாவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பெத்தவ அப்படித்தான் கத்துவா.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. நான் லீவு போட்டு அவனைக் கூட்டிட்டு வர்றேன். என்னை உள்ளே விடமாட்டாங்களாம். உன் விளையாட்டை இனிமே தொடமாட்டேன், டெஸ்டிங் பண்ண வேற ஆளைப் பாரு.

இளமதி

புதுவாயல்
22.11.2025, சனி

அக்கா,

நேத்து கேட்டுக்கு வெளிய மழைல குடைய புடிச்சுக்கினு நின்னே. நான் உன்னத் தாண்டித்தான் உள்ள போனேன். உள்ள நடந்தத லோகு உன்னாண்ட சொல்லியிருக்க மாட்டான்.

மேஜைக்கு அந்தப்பக்கம் மூணு பேர். பட்டணத்துலேர்ந்து வந்த வக்கீல் ஒருத்தர் எழுதிக்கினாரு. மொதல்ல லோகுவக் கேட்டாங்க. அவனுக்கு நாற்காலி போடச் சொல்லி சுப்பராயன் சார்தான் சொன்னாரு. லோகு உக்காரல. தடிய ஊனிக்கினு நின்னே சொன்னான். ஆமா சார், நான்தான் கேக்காம எடுத்தேன், எபினேசருக்கு ஒண்ணும் தெரியாதுன்னான். சொல்லிட்டு என்னை ஒரு வாட்டி கூடப் பாக்கல.

அப்பறம் என்னைக் கேட்டாங்க. வாக்குமூலம் உன்னுதுதானா, மாத்த ஏதாவது கீதான்னு. நான் ராத்திரியெல்லாம் சொல்லணும் சொல்லணும்னு மனப்பாடம் பண்ணிக்கினு போனேன்க்கா. வாய் தொறக்கல. அவனே ஒத்துக்கினானே, இனிமே நான் சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு உள்ளேர்ந்து ஒண்ணு சொல்லுச்சு. இல்ல சார்னு சொல்லிட்டேன். ரெண்டே வார்த்த. கையெழுத்து வாங்கிக்கினாங்க. வெளிய வந்தா நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டியாச்சு. ஏழாவது பேரு என்னுது.

லோகு சைக்கிள் ஸ்டாண்டாண்ட நின்னுக்கினு இருந்தான். என்னப் பாத்து, பேரு வந்துச்சாடான்னு கேட்டான். வந்துச்சுன்னேன். அம்மாவாண்ட போய்ச் சொல்லு, சந்தோசப்படும்னான். அப்பறம் தடிய எடுத்துக்கினு உன்னாண்ட வந்துட்டான். அவன் என்ன அடிச்சிருந்தா இந்தக் கடுதாசிய நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஊட்டுக்கு வந்து அம்மாவாண்ட எல்லாத்தையும் சொன்னேன். லிஸ்ட்ல பேர் வந்தத மட்டும் இல்ல, எல்லாத்தையும். அடுப்ப நிறுத்திட்டு கேட்டுச்சு. அந்தப் புள்ள கட்டிலாண்ட நின்னுக்கினு நான் அப்டிச் சொன்னேனே எபின்னு மட்டும் சொல்லிச்சு. அப்பறம் அதுவே போயி பேப்பரும் பேனாவும் வாங்கியாந்துச்சு.

உள்ள வெச்சிருக்குறது நகல். ஒரிஜினல இன்னிக்குக் காலைல போஸ்டாபீஸ் தொறந்ததும் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். ஆகஸ்ட் பதினாலாந் தேதி ஹெல்மெட்ட லோகநாதன் தலைல மாட்டினது நான். மெஷின உட்டுட்டுப் போனது நான். கொக்கி நழுவும்னு தெரிஞ்சும் சொல்லாம போனது நான். மொதல் வாக்குமூலம் பொய், நேத்து சொன்னதும் பொய். எவன் சொல்லிக் குடுத்தான்னும் எழுதிட்டேன். அன்னிக்கு அனுப்பின மெயிலோட நகலையும் சேத்துட்டேன், அது என்னாண்டயும் கீது. நீ சத்தியத்த மீறல, பயப்படாத.

விளையாட்டு முப்பதாந் தேதி போவுமான்னு தெரியல. இப்ப அத்த நெனைக்கல.

எபி

திருநின்றவூர்
27.11.2025, வியாழன்

எபி,

கடிதமும் நகலும் செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை நீ வாய் திறக்கலைன்னு படிச்ச இடத்துல காகிதத்தைக் கசக்கிட்டேன். அப்புறம் பிரிச்சு மீதியைப் படிச்சேன்.

லோகுகிட்டக் குடுத்தேன். நகலைக் கிழிக்கப் போனான். கிழிச்சும் பிரயோஜனம் இல்லை, ரிஜிஸ்டர் தபால் போயாச்சுன்னு சொன்னேன். பேரு வந்த அன்னைக்கே எவனாவது இப்படிப் பண்ணுவானா, முட்டாப்பயன்னு திட்டிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். நேத்து கம்பெனியிலேர்ந்து பதில் வந்துடுச்சு. திருட்டுன்னு எழுதினதை எடுத்துட்டாங்க. ரெண்டு பேர் மேலயும் தலை மாத்தினதுக்கு விசாரணை உண்டு. உன்னைச் சஸ்பெண்ட் பண்ணியாச்சுன்னும் அதுலயே போட்டிருக்கு. எடைமேடை வேலை கிடைக்குமா கிடைக்காதான்னு யாருக்கும் தெரியலை. பொய் இல்லாம நிக்கறான், அவ்வளவுதான் இப்போதைக்கு.

நேத்து சாயந்திரம் நான் ஆபீஸ்லேர்ந்து வந்தப்போ அவன் என் லேப்டாப்பைத் திறந்து ‘உப்பங்கழி’ ஆடிக்கிட்டு இருந்தான். மத்தியானத்துலேர்ந்து ஆடறானாம். நான் பின்னாடி நின்னு பார்த்தேன். சுமையைப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லலை. நடையைப் பார்த்தான், அது யாரோடதுன்னு புரிஞ்சுக்கிட்டான், அதையும் சொல்லலை. கடைசியில திரும்பி என்னைக் கேட்டான், “இன்னாக்கா இவன், திட்டினாலும் சரின்றான், உட்டுட்டு ஓடினாலும் பின்னாடியே வரான், செய்யாத தப்புக்கு ஜெயிலுக்குப் போய்ட்டு வந்து சிரிக்கிறான். இவனுக்குக் கோவமே வராதா?”

எபிதான் அப்படிச் செஞ்சிருக்கான்னேன்.

லேப்டாப்பை மூடினான். அப்புறம் சொன்னதை அவன் வார்த்தையிலயே எழுதறேன். “டெய்லி அந்தப் பாதத்தைக் கழுவறப்ப அவன நெனச்சு எனக்கு அப்டி கோவம் வரும்க்கா. அவங்கம்மா என் கட்டிலாண்ட நின்னு சொன்னது நெனவு வரும், இன்னும் அதிகமா வரும். வேலை போவக் கூடாதுன்னுதான் அவனுக்காகச் சொன்னேன். கோவம் இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்? மாறனுக்குக் கோவம் வரணும்னு எழுதச் சொல்லு.”

உனக்கு அதை எழுதத் தெரியாது, நீ அவன் கோவத்தைப் பார்த்ததே இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில வந்துடு. உன்னை உட்கார வெச்சுத் திட்டப் போறான். அவன் முடிச்சதும் நான் ஆரம்பிப்பேன். முடியறதுக்கு மத்தியானம் ரெண்டு மணி ஆகும். சாப்பிட்டுட்டு வராதே.

இளமதி